பாட்டு தொடங்கும் இடம் தெரியக்கூடாது

மேடையில் பாடி நடிக்க வேண்டும் என்று என்னிடம் வரும் பிள்ளைகளை நான் முதலில் பாடச் சொல்வதில்லை. ஒரு பக்க வசனத்தைக் கையில் கொடுத்துப் பேசச் சொல்வேன். பெரும்பாலும் முகம் வாடிவிடும். பல வருடம் பாட்டு கற்று, போட்டிகளில் பரிசு வாங்கி, ஒரு கீர்த்தனையைத் தயார் செய்துகொண்டு வந்திருப்பார்கள். ஆனால் இசை நாடகத்தில் பாட்டு என்பது பேச்சின் தொடர்ச்சி. பேசிக்கொண்டே இருந்த ஒருத்திக்கு இனிமேல் பேச்சு போதாது என்று ஒரு கட்டம் வருகிறது. அப்போதுதான் அவள் பாடுகிறாள். அந்தக் கட்டம் வரை பேசிக்கொண்டு வரத் தெரியாதவர் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் நாடகம் நின்று கச்சேரி தொடங்கிவிடும். ஜனங்கள் கைதட்டுவார்கள். ஆனால் கதையை விட்டு வெளியே வந்துவிடுவார்கள்.

என் அப்பா பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்தார். ஷிப்ட் இல்லாத இரவுகளில் ஆர்மோனியம் வாசிக்கப் போவார். ஆடி மாதம் வந்தால் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொளத்தூர் என்று அம்மன் கோயில் வாசல்களில் நாடகம் நடக்கும். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வரும் ஸ்பெஷல் நாடக நடிகர்களுக்கும் அப்பா வாசித்திருக்கிறார். ஸ்பெஷல் நாடகத்தில் நாயகனாக வரும் ராஜபார்ட் ஒரு ஊர், நாயகியாக வரும் ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர், சிரிக்க வைக்கும் பபூன் வேறு ஊர். ஒத்திகை கிடையாது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துவிட்டுப் போன பாடம் எல்லோருக்கும் தெரியும், அதை வைத்து விடியும்வரை நடத்திவிடுவார்கள். சுவாமிகள் மறைந்தது 1922இல். இத்தனை வருடம் கழித்தும், அன்றுவரை பார்த்தே இராத இரண்டு பேர் அவருடைய வசனத்தை நம்பி மேடை ஏறிவிட முடிகிறது. அவர் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான் என்பது என் எண்ணம்.

வள்ளி திருமணத்தில் நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ணும் கட்டத்துக்காகவே தூங்காமல் உட்கார்ந்திருப்பேன். நாரதர் வசனத்தில் ஒரு கேள்வி போடுவார். வள்ளி வசனத்திலேயே பதில் சொல்ல ஆரம்பிப்பாள். எந்த இடத்தில் அந்தப் பதில் பாட்டாக மாறியது என்று பிடிக்கவே முடியாது. ஒருநாள் அப்பாதான் காட்டிக்கொடுத்தார். "அந்தம்மா வசனத்தை எங்க கொண்டுபோய் முடிக்கிறாங்கன்னு கவனிச்சியா பாப்பா? நேரா என் பெட்டிகிட்ட கொண்டுவந்து விடுறாங்க" என்றார். பெட்டி என்றால் அவருக்கு ஆர்மோனியம். வசனத்தின் கடைசிச் சொல்லை அந்த நடிகை சுருதியில் முடித்தார். அப்பா அந்தச் சுரத்திலேயே பெட்டியை எடுத்தார். நடுவே இடைவெளி இல்லை, "சரி, இப்போது பாடப் போகிறேன்" என்று தொண்டையைச் சரிசெய்துகொள்ளும் அந்த ஒரு நொடியும் இல்லை.

பின்னாளில் அரசு இசைக் கல்லூரியில் முறையாகப் பாட்டு படித்தேன். சபா நாடகங்களில் நடித்தேன், பாடல்கள் நிறைந்த புது நாடகங்களில் நடித்தேன், பள்ளிகளுக்காகக் குழந்தைகள் நாடகம் தயாரித்துக் கொடுத்தேன். இத்தனை இடங்களிலும் என்னைக் காப்பாற்றியது அப்பா சொன்ன அந்த ஒரு குறிப்பு.

அதை எப்படிப் பழகுவது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வகுப்புகளில் இதை யாரும் சொல்லித்தருவதில்லை. ஒரு நாடகப் பாட்டை எடுத்துக்கொண்டு, பல்லவி, அனுபல்லவி என்ற பிரிவுகளை எல்லாம் மறந்துவிட்டு, உரைநடையாக நோட்டில் எழுதுங்கள். யாரிடம் சொல்கிறாள், அவரிடமிருந்து என்ன வேண்டும் என்பதை மேலே ஒரு வரியில் எழுதுங்கள். அப்புறம் அதைப் பேசுங்கள். நன்றாகப் பேச வரும்வரை ராகம் பக்கமே போக வேண்டாம். பேச்சு வந்த பிறகு செல்போனில் தம்புரா செயலியை ஓடவிட்டு, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசி அசையும் ஷட்ஜத்திலோ (ச) பஞ்சமத்திலோ (ப) போய் விழுகிற மாதிரி பேசிப் பாருங்கள். முதலில் செயற்கையாக இருக்கும். விடாமல் செய்தால் ஒரு கட்டத்தில் காது தானாக அந்த இடத்தைத் தேடிப் போகும். மூன்றாவதாக, மெட்டு இல்லாமல் தாளத்தில் மட்டும் பேசுங்கள். அதற்குப் பிறகுதான் மெட்டு. சுரத்தை அசைக்கும் கமகமும், ஒரே வரியை விதவிதமாகப் பாடும் சங்கதியும் எல்லாவற்றுக்கும் கடைசி. அதிலும் வார்த்தையைப் பிளக்காத சங்கதி மட்டும். ஒரு சொல்லின் நடுவில் மூச்சு வாங்கினால் கடைசி வரிசையில் இருப்பவருக்கு அர்த்தம் போய்விடும். அவர் டிக்கெட் வாங்கியது கதைக்காக.

கச்சேரிக்கும் மேடைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகள். 18ஆம் நூற்றாண்டில் இராமாயணக் கதையை நாடகமாகச் சொல்ல எழுதப்பட்டவை, இன்று பெரும்பாலும் கச்சேரி உருப்படிகளாகத்தான் நமக்குத் தெரியும். மிதிலைக் கன்னிமாடத்தில் நிற்பவளைப் பார்த்து இராமன் திகைக்கும் பாட்டை எத்தனையோ வித்வான்கள் அற்புதமாகப் பாடிக் கேட்டிருக்கிறோம். பாடகருக்கு அவள் யார் என்று தெரியும், ரசிகருக்கும் தெரியும். அந்தத் தெளிவில், ஒரு வரியையே திரும்பத் திரும்ப விரித்துப் பாடும் நிரவலை நிதானமாகக் கட்டலாம். இதே பாட்டை மேடையில் இராமனாக நின்று பாடுகிறவருக்கு அவள் யாரென்று தெரியக்கூடாது. அடுத்த வரி என்ன என்பதும் அந்தக் கணம்வரை தெரியக்கூடாது. ஒவ்வொரு வரியும் புதிதாக மனசில் தோன்றி வாய்க்கு வர வேண்டும். ராகத்தை எவ்வளவு ஆழமாகக் கற்றிருந்தாலும் அது பின்னால் நின்றுகொண்டு சொல்லை முன்னே விட வேண்டும். நன்றாகப் பாடத் தெரிந்தவர்களுக்கு இதுதான் மிகக் கஷ்டமான பாடம்.

நாட்டிய நாடகம் வேறு வகை. ருக்மிணி தேவி 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்ராவின் இராமாயண நாட்டிய நாடகங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆடுபவர் நடுமேடையில் இருப்பார், பாடுபவர் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். உடம்பு ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. இரண்டும் முழு பலத்தோடு வேலை செய்ய முடிகிறது. நமக்கு அந்த வசதி இல்லை. ஓடி வந்து, மண்டியிட்டு, எழுந்து, அடுத்த அடி வைக்கும்போதே பல்லவியை எடுக்க வேண்டும். குடத்துத் தண்ணீர் தளும்பாமல் நடக்கிற மாதிரி, கால் எவ்வளவு வேகமாகப் போனாலும் நெஞ்சுக்கூடு அலுங்காமல் இருக்க வேண்டும்.

அதற்குக் கூத்துக்காரர்களைப் போய்ப் பாருங்கள். திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசையில் போய் ஓர் இரவு உட்கார்ந்தாலே போதும். கிரீடமும் புஜகட்டையும் மார்புப் பதக்கமும் ஏற்றிக்கொண்டு, கிறுக்கி அடித்துச் சுழன்ற மறுநொடியே, தாளமில்லாமல் பாடும் விருத்தத்தை எடுக்கிறார்கள். ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை புரிசைக் கலைஞர்களிடம் பயிற்சிக்காகப் போனதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா? அவர்களைப் பார்த்த பிறகு நான் உட்கார்ந்து மட்டுமே சாதகம் செய்வதை விட்டுவிட்டேன். காலையில் அகார சாதகம் உட்கார்ந்தபடி, அப்புறம் சரளி வரிசையை மூன்று காலத்திலும் நடந்தபடி. பாட்டு மனப்பாடம் ஆனதும் வீட்டு மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே பாடுவேன். இரண்டாவது சரணத்தில் மூச்சு வாங்கினால் அந்த வரியில் எங்கே மூச்சு எடுப்பது என்று பென்சிலால் குறித்துக்கொள்வேன். ஒத்திகையிலும் அந்தக் குறி மாறாது, மேடையிலும் மாறாது.

உடையோடு பாடிப் பழகுவதும் இதில் சேர்த்தி. டிரஸ் கம்பெனியிலிருந்து வாடகைக்கு வரும் கிரீடம் காதை அமுக்கும், ஆர்மோனியம் காதில் விழாது. ஒட்டு மீசையின் பசை காய்ந்தால் மேல் உதடு இறுகி ப, ம எழுத்துகள் மொத்தையாக வரும். மடிசாரில் இடுப்பை இறுக்கிக் கட்டினால் அடிவயிற்று மூச்சே எடுபடாது. நாடகத்தன்று மாலை மேக்கப் அறையில் இதையெல்லாம் கண்டுபிடிப்பதில் பயன் இல்லை. ஒரு வாரம் முன்பே கிரீடத்தையாவது கேட்டு வாங்கிவிடுங்கள். உடை பிறகு வந்தாலும் பரவாயில்லை.

இனி சுருதி. சம்பளம் பேசுவதற்கு முன்பே சுருதி பேசிவிட வேண்டும் என்பது என் கொள்கை. சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். பெண்களுக்கு 5 கட்டை, ஐந்தரைக் கட்டை வசதி. ஆண்களுக்கு 1 கட்டை, ஒன்றரை. இருவரும் சேர்ந்து பாடும் கட்டம் வந்தால் யாராவது ஒருவர் தொண்டையை வருத்தித்தான் ஆக வேண்டும். பழைய ராஜபார்ட் நடிகர்கள் மிக உயர்ந்த சுருதியில் பாடினார்கள். மைக் இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசிவரை கேட்க வேண்டும், கூடப் பாடும் ஸ்திரீபார்ட்டின் குரலோடும் சேர வேண்டும். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் ஜோடியாக மேடை ஏறினார்கள் என்றால் இரண்டு பேருக்கும் உச்சத்தில் சஞ்சாரம் இருந்ததுதான் அதன் அஸ்திவாரம். கிட்டப்பா 1933இல் 27 வயதிலேயே போய்விட்டார். அந்தக் குரலை நேரில் கேட்டவர்களின் வாய்மொழி மட்டும் என் அப்பா காலம்வரை வந்துகொண்டிருந்தது.

இன்றைய ஆண் நடிகர்களிடம் அந்த உயர்ந்த சுருதியைக் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. இசையமைப்பாளர் மெட்டுப் போடுவதற்கு முன்பே போய் உட்கார்ந்து, "அவர் வரிகளை மத்திய ஸ்தாயியில் வையுங்கள், என்னுடையதைக் கீழே தொடங்கி மேலே கொண்டுபோங்கள்" என்று கேட்டுக்கொள்ளலாம். பின்னணி இசையை முன்கூட்டியே பதிவு செய்து ஓடவிடும் நாடகம் என்றால் இது இன்னும் அவசரம், பதிவான டிராக்கின் சுருதியை மேடையில் இறக்க முடியாது. டிராக்கில் எனக்கு வேறு ஒரு குறையும் உண்டு. எதிரில் இருப்பவர் வசனத்தை ஒரு மூச்சு தாமதமாக முடித்தால் ஆர்மோனியக்காரர் காத்திருப்பார், டிராக் காத்திருக்காது. அப்படிப்பட்ட நாடகங்களில் வசனத்துக்கும் பாட்டுக்கும் நடுவே தம்புரா மட்டும் ஒலிக்கும் ஒரு சின்ன இடைவெளியைப் பதிவிலேயே கேட்டு வாங்குங்கள். ஒலி இயக்குபவர் உங்கள் கடைசிச் சொல்லைக் கேட்டபிறகு பாட்டைத் தொடங்கட்டும். அவரையும் ஒத்திகைக்கு அழைத்து, டீ வாங்கிக் கொடுத்து, வசனப் பிரதி ஒன்றைக் கையில் கொடுங்கள். அன்று இரவு உங்களுடைய பின்பாட்டுக்காரர் அவர்தான்.

சென்னையில் ஒவ்வொரு அரங்கமும் ஒவ்வொரு விதமாகக் கேட்கும். எழும்பூர் மியூசியம் தியேட்டர் 1896இல் கட்டியது, பார்வையாளர்கள் அரைவட்டமாக நம்மைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அங்கே சொல் தெளிவாக இருந்தால் மைக் இல்லாமலே பேசலாம், பாடலாம். கத்தினால் எதிரொலிக்கும். சபா மேடைகளில் மேலேயிருந்து தொங்கும் மைக்குகளை நம்பித்தான் பெரும்பாலான நாடகங்கள் நடக்கின்றன, அதனால் எங்கே நின்று பாடுவது என்பதை மைக்தான் தீர்மானிக்கிறது. தரையில் சாக்பீஸால் அடையாளம் போட்டுக்கொள்வோம். காதோர மைக் கொடுத்தால் வேறு கவனம். வியர்வை இறங்கி மைக் செத்துவிடும், அதனால் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொள்ள வேண்டும், கட்டிப்பிடிக்கும் காட்சியில் இரண்டு மைக்கும் உரசாத பக்கமாகக் கட்டிப்பிடிக்க வேண்டும். கோயில் வாசலில் ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவே பாடும்போது நம் குரலே நமக்குக் கேட்காது. அங்கே மானிட்டர் ஸ்பீக்கர் ஒன்றாவது மேடையை நோக்கித் திருப்பி வையுங்கள் என்று கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட்டால் தொண்டைதான் பலியாகும்.

தொண்டையைப் பற்றி ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். நான் பின்பற்றுவது கொஞ்சம்தான். நாள் முழுக்கத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது. நாடகத்துக்கு முன்பும் பின்பும் ஆவி பிடிப்பது, வெறும் தண்ணீரில். தொண்டையைச் செருமாமல் எச்சிலை விழுங்குவது, ஏனென்றால் ஒவ்வொரு செருமலும் குரல்நாண்களை ஒன்றோடொன்று உரச வைக்கிறது. குரல் கம்மிய நாளில் கிசுகிசுப்பாகப் பேசினால் ஓய்வு என்று பலர் நினைக்கிறார்கள். கிசுகிசுப்பும் சிரமம்தான், வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் ஓய்வு. சுக்குக் காப்பியும் அதிமதுரமும் பனங்கற்கண்டும் இதமாக இருக்கும், சாப்பிடலாம், ஆனால் அவற்றை நம்பி ஜுரத்தோடு பாடக்கூடாது. ஒரு டம்ளரில் பாதித் தண்ணீர் வைத்து ஸ்ட்ரா வழியாகக் குமிழி விட்டபடி "ஊ" என்று சுரங்களில் ஏறி இறங்குங்கள். குரலை எழுப்ப இதைவிட மென்மையான பயிற்சி எனக்குத் தெரியாது. நாடகம் முடிந்து ராத்திரி பிரியாணி சாப்பிட்டு உடனே படுக்கிற பழக்கம் நம் கூட்டத்தில் அதிகம். வயிற்று அமிலம் மேலேறி வந்து தொண்டையைப் புண்ணாக்கும், காலையில் குரல் கரகரக்கும். முன்னதாகவே சாப்பிட்டுவிடுங்கள், பிறகு ஒரு வாழைப்பழம் போதும். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் கேமரா விட்டுப் பார்த்துவிட வேண்டும். குரல்நாணில் முடிச்சு இருந்தால் ஆரம்பத்திலேயே ஓய்வும் குரல் பயிற்சியும் பெரும்பாலும் சரிசெய்துவிடும். தள்ளிப்போட்டால் அறுவைச் சிகிச்சை வரை போகலாம்.

நியூயார்க் பிராட்வேயிலும் லண்டன் வெஸ்ட் எண்டிலும் வாரத்துக்கு 8 காட்சிகள். அதற்கென்றே மாற்று நடிகர்கள் தயாராக இருப்பார்கள், ஒருவருக்குக் குரல் போனால் இன்னொருவர் ஏறுவார். சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட நம் பாய்ஸ் கம்பெனிகளும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தன. தினமும் நாடகம், தினமும் பாடம், ஒரு வேடத்துக்கு இரண்டு பிள்ளைகள். டி.கே.எஸ். சகோதரர்கள் 1925இல் தொடங்கிய சபா பல வருடம் ஊர் ஊராகக் கொட்டகை போட்டு வாழ்ந்தது. இன்று சென்னையில் நல்ல நாடகம் என்றாலும் மாதத்துக்கு ஓரிரண்டு காட்சிகள் கிடைத்தால் பெரிய விஷயம். மார்கழியில் சபாக்கள் கச்சேரிக்குப் போய்விடும், நாடகத்துக்கு ஏப்ரல், மே மாதக் கோடை விழாக்களை எதிர்பார்த்திருக்க வேண்டும். அதனால் நமக்கு வரும் ஆபத்து வேறு. தினம் ஆடித் தேய்வதில்லை, ஆடாமல் துருப்பிடிக்கிறோம். நாடகம் இல்லாத மாதங்களிலும் வாரத்துக்கு ஒருநாள் முழு நாடகத்தையும் வீட்டில் நின்றபடி ஓட்டிவிடுவேன், எல்லாப் பாத்திரங்களின் வசனத்தையும் சேர்த்து. எதிராளி என்ன சொன்னதால் நான் பாடுகிறேன் என்பது அப்போதுதான் மறக்காமல் இருக்கும்.

இதை மட்டும் வைத்துப் பிழைக்க முடியுமா என்று கேட்கும் பெற்றோரிடம் நான் உண்மையைச் சொல்லிவிடுவேன். மேடைச் சம்பளம் மட்டும் என்றால், சென்னையில் வாடகை கொடுத்துக்கொண்டு, முடியாது. சபா நாடகத்தின் பெரிய நடிகர்கள் பலரும் வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ வேலை பார்த்துக்கொண்டே நடித்தவர்கள். ஆனால் மேடைக்காகக் கற்ற அதே வித்தைக்கு வேறு இடங்களில் கூலி கிடைக்கிறது. எனக்கு நிலையான வருமானம் பள்ளி ஆண்டு விழாக்களிலிருந்து வருகிறது. அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை குழந்தைகளுக்குப் பாட்டு நாடகம் சொல்லிக்கொடுப்பேன். டப்பிங் வேலை இன்னொன்று. வசனத்தைச் சுருதியில் முடிக்கத் தெரிந்தவருக்கு உதட்டசைவோடு பேசுவது சீக்கிரம் கைவரும். பெரியவர்களுக்கான குரல் வகுப்பு, ஆடியோ புத்தகம் என்று வழிகள் இருக்கின்றன. இவை எதுவும் மேடையை விட்டு விலகிப்போன வேலைகள் அல்ல, அந்தக் குரலைத்தான் அங்கேயும் தீட்டிக்கொண்டிருக்கிறேன்.

பணம் பேசும்போது மூன்று விஷயம் எழுத்தில் வர வேண்டும். காட்சிக்கு எவ்வளவு, ஒத்திகைக்குப் பேட்டா உண்டா, காட்சி ரத்தானால் என்ன. பெரிய ஒப்பந்தம் தேவையில்லை, வாட்ஸ்அப்பில் நீங்களே எழுதி அனுப்பி "சரி" என்று பதில் வாங்கினால் போதும். ஒரு முறை வெளியூர்க் காட்சிகளுக்குக் கூட்டிப்போன அமைப்பாளர் ஒருவர் கடைசிக் காட்சி முடிந்ததும் பாதிச் சம்பளத்தோடு நிறுத்திக்கொண்டார். என்னுடன் வந்த இளம் நடிகைக்குக் கையில் ஊருக்குப் போகக்கூடக் காசு இல்லை. அதற்குப் பிறகு பாதி முன்பணமும் போக வர ரயில் டிக்கெட்டும் வராமல் பெட்டி கட்டுவதில்லை. இளையவர்கள் இப்படிக் கேட்டால் வாய்ப்பு போய்விடும் என்று பயப்படுவார்கள். அதனால் நானும் அந்தக் குழுவில் இருந்தால் அவர்களுக்காகவும் சேர்த்து நானே கேட்டுவிடுவேன். மூத்தவர்கள் செய்ய வேண்டிய வேலை அது.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஒத்திகை எத்தனை மணிக்கு முடியும் என்பதை முதல் நாளே கேளுங்கள். மெட்ரோ இரவு 11 மணியோடு முடிந்துவிடும். அதைத் தாண்டி ஒத்திகை நீண்டால் வண்டி ஏற்பாடு செய்வது தயாரிப்பவர் பொறுப்பு. உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறை உண்டா என்று கேட்பதும் அப்படியே. பெயர் பெற்ற குழுவாக இருந்தாலும் கேளுங்கள்.

கோயில் வாசல் நாடகத்தின் நேரமும் மாறிவிட்டது. 2000ஆம் வருட ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது, வருடத்தில் சில நாட்கள் மட்டும் அரசு நள்ளிரவுவரை தளர்த்தலாம். விடியவிடிய நடந்த கதையை இரண்டரை மணி நேரத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. நாடகத்தைச் சுருக்கும்போது பெரும்பாலும் வசனத்தை வெட்டிப் பாட்டுகளை மட்டும் கோக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. நாலு பாட்டை எடுத்துவிட்டு, மிச்சப் பாட்டுகளுக்கு இட்டுச்செல்லும் வசனத்தை விட்டுவையுங்கள். தர்க்கம் முழுதாக இருந்தால் வள்ளி திருமணம் இரண்டரை மணி நேரத்திலும் நிற்கும்.

எந்த நாடகத்தை எடுப்பது என்று தவிக்கும் குழுக்களுக்கு ஒரு தகவல். நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் இறந்த பிறகு 60 ஆண்டுகள்தான் பதிப்புரிமை. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் எப்போதோ பொதுச்சொத்தாகிவிட்டன. 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் 1964இல் காலமானார், எனவே அவர் வாழ்நாளில் வெளியான நாடகங்களையும் 2025 ஜனவரி முதல் யாரும் அரங்கேற்றலாம். மெட்டுக்கு மட்டும் சினிமாப் பாட்டைக் கடன் வாங்காதீர்கள், பதிவேற்றும்போது ஒலியை முடக்கிவிடுவார்கள். நடிகருக்கும் தன் நிகழ்ச்சிமேல் உரிமை உண்டு, உங்களைக் கேட்காமல் ஒளிப்பதிவு செய்து விற்கக்கூடாது. முன்பு சொன்ன அந்த வாட்ஸ்அப் செய்தியில் ஒளிப்பதிவு பற்றியும் ஒரு வரி சேருங்கள்.

குரல் மாறும். பாய்ஸ் கம்பெனிப் பையன்களுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் அதுவரை ஆடிய வேடங்கள் கைவிட்டுப் போகும், சிலர் அதோடு சமையலறைக்கோ திரை இழுக்கவோ போனார்கள். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முன்பான சில நாட்கள் குரல் கனக்கும், அது நின்றுபோகும் வயதில் சுருதியே இறங்கும். ஐந்தரைக் கட்டையில் வள்ளியாகப் பாடிய நான் இப்போது நாலரையில்தான் வசதியாகப் பாடுகிறேன். அந்த ஒரு கட்டையைத் திரும்பப் பிடிக்க முயன்று குரலையே கெடுத்துக்கொண்ட தோழிகள் எனக்கு உண்டு. நான் இறங்கிய சுருதியிலேயே என் சாதகத்தை முதலிலிருந்து தொடங்கினேன். கீழ் ஸ்தாயியில் பேச்சுக்கும் பாட்டுக்கும் இடையில் தூரம் இன்னும் குறைவு என்பது அப்போது தெரிந்தது. நல்லதங்காளின் புலம்பலை இந்தச் சுருதியில் பாடும்போது பழைய ஐந்தரையில் கிடைக்காத கனம் சொல்லுக்குக் கிடைக்கிறது. வயதான பாத்திரங்களுக்குப் பாட்டு வேண்டாம் என்று நினைக்கும் இளம் இயக்குநர்களிடம் இதைப் பாடிக்காட்டியே இரண்டு நாடகங்களில் பாட்டு சேர்க்க வைத்திருக்கிறேன்.

கடைசியாக, நோட்டீஸ்களைச் சேர்த்து வையுங்கள். நடித்த ஒவ்வொரு நாடகத்தின் அழைப்பிதழ், பெயர் வந்த பத்திரிகைத் துண்டு, தேதி தெரியும் படம், எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போடுங்கள், செல்போனிலும் ஒரு பிரதி எடுங்கள். தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் நலிந்த கலைஞர்களுக்கு மாத நிதியுதவி தருகிறது, கூத்துக் கலைஞர்களுக்கு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இருக்கிறது. எங்கே விண்ணப்பித்தாலும் இத்தனை வருடம் இந்தத் தொழிலில்தான் இருந்தீர்கள் என்பதைக் காட்ட வேண்டியிருக்கும். என் அப்பாவோடு வாசித்த மிருதங்கக்காரர் ஒருவருக்காக அலைந்தபோது, அவர் வாசித்த நாடகங்களின் நோட்டீஸ் ஒன்றுகூட அவர் வீட்டில் இல்லை. எங்கள் வீட்டுப் பரணில் அப்பா கட்டி வைத்திருந்த கட்டிலிருந்து அவர் பெயர் போட்ட நோட்டீஸ்களைத் தேடி எடுத்து, நகல் போட்டு இணைத்துக் கொடுத்தோம்.